மின்தொகுப்பின் நிலைத்தன்மைக் கணக்குகளுக்குச் சைபை: இரண்டு ஆண்டு அனுபவம்

பனி இறங்கும் விடியற்காலைகளில், தேவிபட்டினம் கடற்கரையோரத்து மின்கம்பங்களின் பீங்கான்களில் படிந்த உப்பு ஈரமாகி, நீலப் பொறி சீறி, லைன் ட்ரிப் ஆவதை இங்கே வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். உயரழுத்தத் தடத்தில் அப்படியொரு பழுது நேர்ந்தால், எவ்வளவு நேரத்துக்குள் அதைத் துண்டித்தால் ஜெனரேட்டர்கள் ஒத்தியக்கம் (ஒரே வேகத்தில் இணைந்து சுழல்வது) இழக்காமல் நிற்கும் என்பதை மாணவர்களுக்குக் காட்டவே, பைத்தான் நிரல்மொழியின் சைபை (SciPy) நூலகத்தில், வகைக்கெழுச் சமன்பாடுகளைச் சிறு காலப் படிகளாகத் தீர்க்கும் 'சால்வ் ஐவிபி' (solve_ivp) என்ற கருவியைப் பயன்படுத்தி வருகிறேன். விலையில்லாதது, என் பழைய மடிக்கணினியிலும் தடையின்றி ஓடுகிறது.

முதலில் கையாலேயே சரிபார்க்கக்கூடிய கணக்கைக் கொடுத்தேன். நிலைம மாறிலி (சுழலும் நிறை வேக மாற்றத்தை எதிர்க்கும் அளவு) 5 விநாடி, அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், பெர் யூனிட் அளவில் (அடிப்படைத் திறனின் மடங்காக) இயந்திர உள்ளீடு 0.8, உச்சக் கடத்துதிறன் 1.6, ரோட்டாரின் (ஜெனரேட்டரின் சுழலும் பகுதி) தொடக்கக் கோணம் 30 பாகை. பழுது நீடிக்கும்வரை மின்வெளியீடு சுழியம். சமப் பரப்பு விதி (பழுதின்போது ரோட்டார் பெறும் ஆற்றலையும் பிறகு இழக்கக்கூடிய ஆற்றலையும் ஒப்பிடும் கைக்கணக்கு) தரும் மாறுநிலைத் துண்டிப்பு நேரம், அதாவது பழுதைத் துண்டிக்கக் கிடைக்கும் அதிகபட்ச அவகாசம், 0.262 விநாடி, சைபையும் அதையே தந்தது. அதே கணக்கை ஆய்லர் முறையில் (ஒவ்வொரு படியின் தொடக்க வேகத்தையே வைத்து முன்னேறும் எளிய முறை) 0.05 விநாடிப் படியுடன் போட்டால், 0.25 விநாடியில் 75 பாகையைத் தொட்டிருக்க வேண்டிய கோணம் 66 பாகையில் நிற்கிறது. 9 பாகை குறைவான அந்த விடையை நம்பினால், இல்லாத அவகாசம் இருப்பதாகத் தோன்றும்.

என் நேரத்தைப் பெரிதும் தின்றது உகப்பாக்கம், அதாவது மிகச் சிறந்த மதிப்பைத் தேடும் வேலைதான். எக்சைட்டரின் (ஜெனரேட்டரின் புலச்சுருளுக்கு மின்னோட்டம் தரும் கருவி) ஆதாயத்தை மாற்றி மாற்றி, ரோட்டார் அலைவு மிக விரைவில் அடங்கும் மதிப்பைத் தேடும்போது, ஒவ்வொரு ஓட்டத்திலும் மென்பொருள் தன் படிகளை வேறுவிதமாக அமைத்துக்கொள்வதால் விடையில் நுண்ணிய நடுக்கம் எழுகிறது. அதைச் சரிவென்று எண்ணி உகப்பாக்கி திசை தவறுகிறது. இயல்பாக 0.001 என்றிருக்கும் சார்புப் பிழை வரம்பை (விடையின் அளவோடு ஒப்பிட்டு அனுமதிக்கும் பிழை, rtol) 0.00000001 ஆக இறுக்கிய பிறகே தேடல் சீரானது. பழுது நீங்கும் கணத்தையும் சமன்பாட்டை எழுதும் ஃபங்ஷனுக்குள் நிபந்தனை வரியாக எழுதாமல், அதுவரை ஓட்டி நிறுத்தி அங்கிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். இவ்விரண்டையும் தொடக்கநிலைப் பயனர் அறியாமல் போனால், அழகான வளைகோடும் தவறான விடையும் கிடைக்கும் என்பதே என் முதன்மையான எச்சரிக்கை.

எக்சைட்டரின் 0.02 விநாடி கால மாறிலியும் புலச்சுருளின் 6 விநாடி கால மாறிலியும் ஒரே கணக்கில் சேரும்போது, இயல்பு முறையான ஆர்கே45 சிறு படிகளில் ஊர்கிறது. வேகமும் மெதுவும் கலந்த இத்தகைய கணக்குகளுக்கு ஏற்ற ராடாவ் முறைக்கு மாறினால் போதும். மின்தொகுப்பு மென்பொருள்களில் பரவலாக உள்ள டிரபீசாய்டல் முறை (படியின் இரு முனை வேகங்களின் சராசரியை எடுப்பது) சால்வ் ஐவிபியில் இல்லாததும், வலையமைப்பின் இயற்கணிதச் சமன்பாடுகளை நாமே தனியாகத் தீர்த்துக்கொடுக்க வேண்டியிருப்பதும் உண்மையான குறைகள்.

இருந்தாலும் இதை விட மனமில்லை. எங்கள் மாவட்டத்துக் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் இயங்குகிறது. சூரியத்தகடுகளில் சுழலும் நிறை கிடையாது. அத்தகைய உற்பத்தி பெருகும் தொகுப்பை மனத்தில் கொண்டு, நிலைம மாறிலியை மட்டும் 3 விநாடியாகக் குறைத்து அதே கணக்கை ஓட்டினேன். அவகாசம் 0.203 விநாடியாகச் சுருங்கியது. இழந்தது ஏறக்குறைய 0.06 விநாடி, அதாவது 50 ஹெர்ட்ஸில் மூன்று சுற்று: வேகமான ஒரு பிரேக்கர் திறந்து முடிக்கும் நேரம்.