பாகூர் பக்கத்துக் கபடி முகாம்: சாப்பாட்டுக்கு முழு மதிப்பெண், கையெழுத்துத் தாளுக்குச் சுழியம்

புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர் பக்கம், நெல்வயல்களுக்கு நடுவில் ஒரு தனியார் கபடிப் பயிற்சி முகாம் நடக்கிறது. கல்லூரி அணிகளைத் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள்; தனியாக வருகிற பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். என் மூத்த மகன் 2021 பிப்ரவரியில் அங்கே தங்கினான். இந்தக் கோடையில் சின்னவளைக் கொண்டுபோய் விட்டு வந்தேன். நான் கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியர். எந்த இடத்துக்குப் போனாலும் ஆடுகளத்துக்கு முன்னால் கழிப்பறையையும் சன்னலையும்தான் என் கண் தேடும். அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன்.

பயிற்சியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. பயிற்சியாளர் மண் களத்தில் ஆடி வளர்ந்தவர். ‘மேட்’ எனப்படும் செயற்கை விரிப்பில் ஆடிப் பழகாத கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காலை எப்படி ஊன்றுவது, கணுக்காலைப் பிடிக்கும்போது தோள் எங்கே இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து காட்டுகிறார். கத்துவதில்லை. என் மகன் பாடிப் போகிறவன், அதாவது எதிரணிக் களத்துக்குள் தனியாகப் போய் ஆட்களைத் தொட்டுத் திரும்புகிறவன். ஒரு முறை போனால் முப்பது விநாடி கிடைக்கும். எதிரணிக் களத்தில் அவனுக்கு இருந்த அவசரத்தை அடக்கியவர் இவர்தான். “முப்பது விநாடியும் உன்னுடையது, பத்திலேயே ஏன் திரும்பி ஓடி வருகிறாய்?” என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வியில் அவன் ஆட்டம் மாறியது.

சாப்பாடு இன்னும் மேல். விடிவதற்குள் கேழ்வரகுக் கஞ்சியும் ஊறவைத்த கொண்டைக்கடலையும். காலை உணவோடு வேகவைத்த முட்டை. மதியம் பெரும்பாலும் மீன் குழம்பு. சங்கராவோ மத்தியோ, அன்று என்ன மலிவாகக் கிடைத்ததோ அது. சோற்றுக்கு அளவு கிடையாது. சமைக்கிற அக்கா பந்தி முடியும்வரை உட்காரவே மாட்டார். எந்தத் தட்டு காலியாகிறது என்று பார்த்தபடி நிற்பார். வளர்கிற பிள்ளைகளை மூன்று வேளையும் விளையாடவிட்டு அரை வயிறாக அனுப்புகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். இது அப்படிப்பட்ட இடமில்லை.

இனி கொரோனாப் பெருந்தொற்று நடந்த 2021-ஐப் பற்றி. இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அந்த ஆண்டு பிப்ரவரி 8 முதல் தமிழ்நாட்டில் எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் கல்லூரிகள் திறந்தன. திறந்த கையோடு கல்லூரிகளுக்கிடையே ஒரு கபடிப் போட்டியும் அறிவிக்கப்பட்டது. சுகாதாரப் பணியாளர்களுக்கு ஜனவரி 16-ஆம் தேதியே தடுப்பூசி தொடங்கிவிட்டதால் எனக்கு ஊசி போட்டாகிவிட்டது. பத்தொன்பது வயது மகனுக்கு வரிசையே வரவில்லை. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு மே 1-இல்தான் கதவு திறந்தது. ஊசி போட்ட நான் முகக்கவசத்தோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஊசி போடாத அவன், முகக்கவசமே போட முடியாத ஓர் ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தான்.

‘முழுப் பாதுகாப்புடன் கூடிய முகாம்’ என்று விளம்பரத் தாள் சொன்னது. வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி, கைகழுவும் திரவம், உள்ளே போகும் வழியில் குழாய்ச் சட்டம் கட்டிக் கிருமிநாசினித் தெளிப்பு. மனிதர்கள் மேல் இப்படித் தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே அறிவுறுத்தியிருந்தது. சொன்னேன், அன்றைக்கு நிறுத்தினார்கள். வெப்பமானியைப் பற்றி எனக்கு இன்னும் அழுத்தமான கருத்து உண்டு. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய தொழிலாளர்கள் வழியாக எங்கள் மாவட்டத்தில் தொற்று சரசரவென்று ஏறியபோது வீடு வீடாகப் போனவள் நான். தொற்று உறுதியானவர்களில் பலருக்குக் காய்ச்சலே இல்லை. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். காய்ச்சல் இல்லாதவரையெல்லாம் உள்ளே விடுவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க முடியாது.

தூங்கும் கூடம் அதைவிட மோசம். நீளமான சிமென்ட் ஷீட் கொட்டகை. கொசு வருகிறது என்று ஒரு பக்கச் சன்னல்களை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். பாயோடு பாய் ஒட்டிக் கிடந்தது. வாசலில் இருந்த ஏற்பாடுகளுக்குச் செலவழித்த பணத்தில் நான்கு சன்னல்களுக்கு வலை அடித்திருக்கலாம்.

கபடி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாடிப் போகிறவன் ‘கபடி, கபடி’ என்று நடுவருக்குக் கேட்கும்படி விடாமல் பாட வேண்டும். ஏழு பேர் கைகோத்து அவனைச் சுற்றி நெருங்குவார்கள். ஒருவன் கணுக்காலைப் பிடித்தால் இன்னொருவன் இடுப்பில் விழுவான். நான்கைந்து பேர் அவன் மேல் சரிவார்கள். அத்தனை முகங்களும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும், எல்லோருக்கும் மூச்சு வாங்கும். காற்றில் பரவும் நோய்க்கு இதைவிட நெருக்கமான இடத்தை யாரும் அமைத்துக்கொடுக்க முடியாது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பகுதியில் ஒரு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் பாடிப் பழகியது. வந்தவர்கள் 61 பேர். ஒருவரிடமிருந்து தொடங்கி மொத்தம் 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். அவர்கள் கட்டிப் புரளவில்லை, நாற்காலியில் அமர்ந்து பாடினார்கள்.

முகாமில் நடந்ததும் எதிர்பாராததல்ல. மீன் குழம்பின் மணமே தெரியவில்லை என்று ஒரு பையன் பக்கத்துப் பாய்க்காரனிடம் மட்டும் சொன்னான். அது என் மகன் காதுக்கு வந்தது. இரவு தொலைபேசியில், “மாஸ்டரிடம் சொல்லிவிடாதே அம்மா, அவனை அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள்” என்றான். விடிந்ததும் ஆட்டோ பிடித்துப் போய் நின்றேன். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மணம் தெரியாத அந்தப் பையன் பாடிக்கொண்டிருந்தான். பரிசோதனைக்கு ஆள் வரும்வரையாவது நிறுத்துங்கள் என்றேன். “முடிவு வரட்டும் அம்மா, அதற்குள் பயிற்சி கெட வேண்டாம்” என்றார் மேலாளர். முடிவு வந்தபோது கூடத்தில் பாதிப் பேருக்கு மேல் தொற்று, என் மகனும் அதில் ஒருவன். நோய் வந்ததற்காக முகாமை நான் குறை கூறவில்லை. தெரிந்த பிறகும் ஒரு காலைப் பொழுதைக்கூட விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அதை நான் மறக்கத் தயாராக இல்லை.

அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு துளிக் கோபமும் கிடையாது. செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பம். கல்லூரியில் இடம் கிடைத்தது கபடியால், கட்டணச் சலுகை நீடிப்பது கபடியால், நாளைக்குக் காவல்துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் நுழைய வேண்டுமானாலும் கையில் சான்றிதழ் வேண்டும். மூக்குக்கு மணம் தெரியவில்லை என்று சொன்னால் அத்தனையும் போய்விடும் என்று அவன் பயந்தான். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

சேரும்போது முகாம் நீட்டிய தாளில் இருந்த வரி இது: ‘தொற்று உட்பட எந்த உடல்நலக் கேட்டுக்கும் முகாம் பொறுப்பல்ல, மாணவர் தம் சொந்த விருப்பத்தின் பேரில் கலந்துகொள்கிறார்.’ நான் அந்த வரியைக் குறுக்கே அடித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். வராவிட்டால் படிப்பே ஆட்டம் காணும் பிள்ளைக்குச் சொந்த விருப்பம் என்று ஒன்று எங்கே இருக்கிறது?

பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி விளையாட்டு வேண்டுமா என்று கேட்டால் என் பதில் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. அமெரிக்காவில் பிக் டென் என்ற பெரிய பல்கலைக்கழகக் கூட்டமைப்பு 2020 ஆகஸ்ட் 11 அன்று ஆட்டங்களைத் தள்ளிவைத்தது. தொற்றுக்குப் பின் வரக்கூடிய இதயத் தசை அழற்சி பற்றிய கவலையும் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. செப்டம்பர் 16 அன்று முடிவை மாற்றியபோது தினமும் பரிசோதனை, தொற்று வந்தவருக்கு 21 நாள் ஓய்வு, இதயப் பரிசோதனைகள் என்று விதி வைத்தார்கள். அங்கே பணம் புரண்டது. ஆடியது சரி என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுக்கான தேசிய அமைப்பு அதே ஆகஸ்டில் செய்தவற்றை நம் ஊரிலும் செய்திருக்கலாம். பயந்து விலகும் மாணவரின் உதவித்தொகையை நிறுத்தக் கூடாது என்றது. ஆட வேண்டுமானால் சட்ட உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடு என்று கேட்கக் கூடாது என்றது. அந்தப் பருவத்தை ஆட்டக்காரரின் ஆண்டுக் கணக்கில் சேர்க்காமல் கூடுதலாக ஓர் ஆண்டு கொடுத்தது. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

இங்கே தொழில்முறைக் கபடியே நின்றுபோயிருந்தது. புரோ கபடி லீக் 2020-இல் நடக்கவில்லை. 2021 டிசம்பர் 22-இல்தான், பெங்களூரில் ஒரே இடத்தில், பார்வையாளர்கள் இல்லாமல் திரும்பத் தொடங்கியது. அத்தனை வசதியோடு, வெளியாட்கள் நுழையாதபடி பாதுகாப்பு வளையம் போட்டு நடத்திய ஐபிஎல் கிரிக்கெட்டையே 2021 மே 4 அன்று பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. பாயோடு பாய் ஒட்டிப் படுத்த கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் ஆடியே ஆக வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்?

“வீட்டிலேயே அடைத்துவைத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் அம்மா” என்று பயிற்சியாளர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஊரடங்கு மாதங்களில் கைப்பேசியும் சீட்டாட்டமுமாகப் போன பிள்ளைகளை நானும் கண்டேன். ஆனால் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இடைவெளி விட்டு ஓடலாம். குண்டு எறிதல், நீளம் தாண்டுதல் போட்டிகளைத் திறந்த மைதானத்தில் ஒருவர் பின் ஒருவராக நடத்தலாம். கபடியும் மல்யுத்தமும் தடுப்பூசி வரும்வரை காத்திருக்க வேண்டியவை. காத்திருக்கும் காலத்துக்கு வயது வரம்பிலும் சான்றிதழிலும் ஈடு கொடுத்திருக்க வேண்டும்.

என் மகனுக்குக் காய்ச்சல் விரைவில் விட்டது, ஆக்சிஜன் அளவு 96-க்குக் கீழே இறங்கவில்லை. ஆனாலும் மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. இதயப் பரிசோதனைகளான இசிஜியும் எக்கோவும் எடுத்து, மருத்துவர் தலையசைக்கும்வரை களத்தில் இறங்க விடவில்லை. போட்டி அவன் இல்லாமலே நடந்தது. வராதவர்கள் தாங்களாகவே விலகினார்கள் என்று பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். அந்த ஆண்டுக்கான சான்றிதழ் அவனுக்கு இல்லை, இனிக் கிடைக்கப்போவதுமில்லை.

பிறகு ஏன் மகளை அதே இடத்தில் விட்டேன்? பயிற்சியாளருக்காகவும், மாறியிருக்கும் கூடத்துக்காகவும். கொட்டகையை இடித்துவிட்டு இருபுறமும் வலை அடித்த சன்னல்களோடு புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். இரும்புக் கட்டில்கள், நடுவே நடக்க இடம். உடம்பு சரியில்லாதவர்களுக்குத் தனி அறை, அதற்கெனத் தனிக் கழிப்பறை. பெண்களுக்கான பகுதியில் இரவில் ஓர் அம்மா காவலுக்குப் படுக்கிறார். காலையில் வரிசையில் நிற்கும்போது யாருக்கு என்ன உபாதை என்று பயிற்சியாளரே கேட்கிறார். சொன்ன பெண்ணை உட்காரவைத்ததையும் நேரில் பார்த்தேன்.

கையெழுத்துத் தாள் மட்டும் எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறது. இந்த முறையும் அந்த வரியை அடித்தேன். கீழே, ‘உடல்நலமின்றிப் பயிற்சிக்கு வராத நாள்கள் அணித் தேர்வைப் பாதிக்கக் கூடாது’ என்று என் கையால் எழுதினேன். அலுவலகத்தில் இருந்தவர் தயங்கினார். பயிற்சியாளர் வாங்கிப் படித்துவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போட்டார். சேர்க்கப் போகும் பெற்றோர் இதே வாசகத்தை எழுதிக் கேளுங்கள், நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் சாப்பாட்டோடு சேர்த்து நாளொன்றுக்கு 450 ரூபாய். போர்வையும் கொசுவலையும் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும்.