ஏழு வருஷக் கத்தி, இரண்டு அங்குலக் காம்பு

போன சனிக்கிழமை என் பாராங்கை (வாழை, புதர் வெட்டும் நீளமான மலாய்க் கத்தி) மூன்றாவது முறையாகப் பழுது பார்த்து வாங்கி வந்தேன். அன்று சாயங்காலமே அக்கா மகன் போன் செய்தான். "மாமா, உங்ககிட்ட இருக்கிற மாதிரி பட்டறையில அடிச்ச கத்தி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எப்படி, நல்லா உழைக்குதா?" வாங்காதே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கோபத்தில் சொன்னது. நியாயமாகச் சொன்னேனா என்று இரண்டு நாளாக மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது.

2018-இல் 85 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். அதே நேரம் இரும்புக் கடையில் அச்சில் வெட்டின பாராங் 25 வெள்ளிக்குக் கிடைத்தது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பீச் ஸ்த்ரீட்டின் ஒரு பகுதிக்கு ஹொக்கியன் சீனமொழியில் இரும்படிக்கிற தெரு என்றே பெயர் உண்டு. ஆனால் எனக்கு ஒரு கத்தி அடித்து வாங்க, படகேறி பட்டர்வொர்த் போய், அங்கிருந்து உள்ளே வெகுதூரம் போக வேண்டியிருந்தது.

பட்டறைக்காரர் எழுபதைத் தாண்டியவர். அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன். மலாயில் பேசிக்கொண்டோம். லோரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டை வெட்டி வைத்திருந்தார். சாதாரண அளவு வேண்டாம், இரண்டு அங்குலம் கூடுதல் நீளம் வேண்டும், வாழை வெட்ட வசதியாக இருக்கும் என்று கேட்டேன். தலையை ஆட்டினார். இந்த இரண்டு அங்குலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

அவர் அதற்குப் பதம் ஏற்றியதை, அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கெட்டிப்படுத்தியதை, பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். சிவந்த கத்தியை அதன் அருகே கொண்டுபோவார். காந்தம் ஆடி வந்து ஒட்டினால் கத்தி திரும்பவும் உலைக்குள் போகும். இரும்பு ஏறத்தாழ 770 டிகிரியில் காந்தத்துக்கு மசியாமல் போய்விடும். அதற்குச் சற்று மேலே போனால்தான் எஃகு எண்ணெயில் இறங்கும் பக்குவத்துக்கு வரும். காந்தம் அசையாமல் தொங்கியதும் இன்னும் கொஞ்ச நேரம் காயவிட்டு, வாய்ப்பக்கம் (வெட்டும் ஓரம்) கீழாக எண்ணெயில் இறக்கினார். புகை அடங்கியதும் ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, முதுகை மட்டும் நெருப்பில் காட்டினார். முதுகில் நீலம் கட்டியது. அதிலிருந்து ஊதா, பழுப்பு என்று நிறம் மெல்ல நகர்ந்து வாயை நோக்கி வந்தது. வாய் ஓரம் வைக்கோல் நிறமாக ஆன அந்த நொடியே தண்ணீரில் போட்டுவிட்டார். முதுகு வளைந்து கொடுக்கும், வாய் மழுங்காமல் நிற்கும். கண்ணையும் ஒரு காந்தத்தையும் வைத்துக்கொண்டு இதைச் செய்தார்.

அந்த வேலையின் அருமை ஏழு வருஷமாகக் கையில் தெரிகிறது. கத்தி பிடிப்பக்கம் தடித்து நுனிக்குப் போகப்போக மெலிகிறது. அதனால் எடை கையருகே நிற்கிறது, நாள் முழுக்க வெட்டினாலும் மணிக்கட்டு வலிக்காது. தைப்பூசத்துக்கு எங்கள் தண்ணீர்ப் பந்தலில் வாசலுக்கு வாழை மரம் வெட்டுவது, சமையலுக்குப் பூசணி பிளப்பது, இளநீர் சீவுவது எல்லாம் இது ஒன்றுதான். ஒரு பூசணியைப் பிளக்க ஒரே வெட்டு. வாய் எங்கும் பல் போனதில்லை. தீட்டுவதற்குக்கூட பெரிய பாடு கிடையாது. அரம் வழுக்காமல் கடிக்கும், பத்து இழுப்பில் கூர் வந்துவிடும். அப்புறம் சாணைக்கல்லில் கொஞ்சம். கடையில் வாங்கிய பாராங் ஒன்றும் வீட்டில் கிடந்தது. அதை வாரம் ஒருமுறை தீட்டினேன், இதை மாதம் ஒருமுறை.

கறை பிடிக்கும் என்பதைக் குறையாகச் சொல்லமாட்டேன். வாழைப்பூவோ தண்டோ வெட்டினால் இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து கருநீலமாகிவிடும். துடைத்து, உலர்த்தி, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுத் தடவினால் போதும். இரும்பென்றால் அந்த அளவுக்குப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எனக்கு ஆறாத குறை பிடிதான். 2020-இல் முதல்முறை ஆட்டம் கண்டது. மரச் சிம்பு வைத்து நானே இறுக்கினேன். 2022-இல் மறுபடியும் ஆடியது, அரக்கு உருக்கி ஊற்றிக் கொடுத்தார்கள். போன மாதம் பின்கட்டில் வாழைத்தார் வெட்டக் கை ஓங்கினேன், பிடி மட்டும் கையில் இருந்தது. கத்தி பறந்து போய் மண்ணில் குத்தி நின்றது. அதற்கு ஓரடி தள்ளி அம்மா கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் அம்மா, "அத இனிமே இந்த வீட்டுல வெக்காத" என்றார். எனக்குக் கைநடுக்கம் நிற்க வெகு நேரமானது.

பழுது பார்த்தவர் பக்கத்து வெல்டிங் கடைக்காரர். அவர் முதலில் என்னைத்தான் கேட்டார், காடியில் (காரில்) போட்டு வைப்பீர்களா என்று. ஆமாம், பந்தல் வேலை நாட்களில் காடியின் பின்னால்தான் கிடக்கும். அரக்கு சூட்டில் இளகும், வெயிலில் பூட்டிய காடி அடுப்பு மாதிரி என்றார். அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். (அப்படிக் காடியில் வைப்பது வேறு வகையிலும் தப்பு. காரணமில்லாமல் பொது இடத்தில் பாராங் வைத்திருப்பது மலேசியாவில் 1958-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். பழுதுக்குக் கொண்டுபோகும்போதும் காகிதத்தில் சுற்றி, நேராகப் போய் நேராக வந்தேன்.)

பிறகு அவர் காம்பின் (பிடிக்குள் செருகியிருக்கும் கத்தியின் வால்) துருவைத் தட்டிவிட்டு என் கையில் கொடுத்தார். ஐந்து அங்குலப் பிடிக்குள் இருந்த காம்பு இரண்டே அங்குலம். எனக்கு ரத்தம் கொதித்தது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அத்தனை நுணுக்கமாக வேலை செய்த கை, மரத்துக்குள் மறைகிற இடத்தில் இப்படி மிச்சம் பிடித்திருக்கிறதே! அரக்கு வைத்து எத்தனை முறை ஒட்டினாலும் அந்தக் காம்பு எப்படி நிற்கும்?

வீட்டுக்கு வரும் வழியில்தான் நான் கேட்ட கூடுதல் இரண்டு அங்குலம் ஞாபகம் வந்தது. வெட்டி வைத்திருந்த துண்டு ஒன்றுதான். அதில் நான் கேட்ட நீளத்தை இழுத்துக் கொடுத்தால் காம்புக்கு எங்கிருந்து வரும்? இதை நினைத்ததும் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி இறங்கவில்லை. முடியாது, காம்பு குட்டையாகிவிடும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழைய அளவிலேயே வாங்கியிருப்பேன். வாங்குகிறவனுக்கு இரும்பு தெரியாது, அடிக்கிறவருக்குத் தெரியும். சொல்லவேண்டியது அவர் பொறுப்பு.

இப்போது காம்பில் மூன்று அங்குலம் ஒட்டவைத்திருக்கிறார்கள். கத்திப் பக்கம் சூடேறி வாயின் பதம் போய்விடாமல் இருக்க ஈரத்துணி சுற்றித்தான் வெல்டிங் வைத்தார். புதுப் பிடி, எப்பாக்ஸிப் பசை, குறுக்கே ஆணி ஒன்று, பிடியின் முகப்பில் பித்தளைப் பூண். எல்லாம் சேர்த்து 60 வெள்ளி. கல்லில் தட்டிப் பார்த்தேன், ஓங்கிப் பார்த்தேன், அசைவில்லை. அம்மாவும் பிடியை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

அக்கா மகனுக்கு என் பதில் இன்னும் அதேதான்: வாங்காதே. பிடி மாட்டுவதற்கு முன் காம்பைக் காட்டுகிற பட்டறை கிடைத்தால் மட்டும் எனக்குப் போன் பண்ணு, நானும் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வருகிறான். பின்கட்டில் பலா ஒன்று பழுத்திருக்கிறது. கையில் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லி, வெட்ட இந்தக் கத்தியைத்தான் கொடுக்கப் போகிறேன்.