மூன்று மாணவர், ஒரு வலைத்தளம்: கூகுள் சைட்ஸா, வேர்ட்பிரஸா, கிட்ஹப் பேஜஸா?

பள்ளிகளுக்கிடையிலான வலைத்தளப் போட்டிக்குப் பெயர் கொடுத்த மறுநாளே, தளத்தை எதில் அமைப்பது என்ற கேள்வியோடு மாணவர்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் வந்து நிற்பார்கள். விடை சொல்வதற்கு முன் போட்டி விதிகளைப் படித்துவிடுவது நல்லது. ஏனெனில் சில போட்டிகள் அந்தத் தேர்வை மாணவரிடம் விடுவதே இல்லை. அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கு நடக்கும் நேஷனல் ஹிஸ்டரி டே என்னும் வரலாற்றுப் போட்டியில் வலைத்தளப் பிரிவில் கலந்துகொள்பவர்கள், அந்த அமைப்பே வழங்கும் என்எச்டி வெப்சென்ட்ரலில்தான் தளத்தை உருவாக்க வேண்டும். குழுவில் 2 முதல் 5 பேர் வரை இருக்கலாம், மாணவர்கள் சொந்தமாக எழுதும் பகுதி 1,200 சொற்களைத் தாண்டக் கூடாது என்றும் அங்கே வரையறை உண்டு.

கருவியை மாணவரே தேர்ந்துகொள்ளலாம் என்னும் போட்டிகளில், செலவில்லாத வழிகளாகக் கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ் டாட் காம், எச்டிஎம்எல் என்னும் வலைப்பக்கக் குறிமொழியில் கையால் எழுதிய பக்கங்களைக் கிட்ஹப் பேஜஸ் என்னும் தள வெளியீட்டுச் சேவையில் ஏற்றுவது ஆகிய மூன்றும் முன்னால் நிற்கின்றன. இவற்றைப் பலரும் அழகை வைத்தே ஒப்பிடுகிறார்கள். கூட்டு முயற்சிக்கு அந்த அளவுகோல் போதாது. மூவரும் ஒருவர் வேலையை மற்றவர் கெடுக்காமல் ஒரே நேரத்தில் உழைக்க முடிகிறதா, யார் எதைச் செய்தார் என்பது பிறகு தெரிகிறதா என்ற இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும். வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தைப் பற்றி ஒரு தளம் என்று வைத்துக்கொள்வோம்: ஒருவர் பறவைகளை எழுதுகிறார், ஒருவர் 1936-இல் சரணாலயமானது முதல் 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது வரையிலான வரலாற்றை எழுதுகிறார், ஒருவர் வரைபடத்தையும் படங்களையும் கவனிக்கிறார்.

முதல் கேள்விக்குக் கூகுள் சைட்ஸை விஞ்ச மற்ற இரண்டாலும் முடியாது. கூகுள் டாக்ஸில் போலவே மூவரும் ஒரே சமயத்தில் திறந்து வேலை செய்யலாம். வரைபடம், யூடியூப் காணொளி, வினாடி வினாவுக்கான படிவம் ஆகியவற்றைச் சில சொடுக்குகளில் பக்கத்துக்குள் சேர்த்துவிடலாம். இரண்டாம் கேள்வியில்தான் அது சறுக்குகிறது. அதன் பதிப்பு வரலாறு பழைய நிலைக்குத் திரும்ப உதவுமே தவிர, எந்த வரியை யார் மாற்றினார் என்பதை டாக்ஸ் காட்டுவது போல நிறமிட்டுக் காட்டுவதில்லை. ஆகவே உரையை முழுவதும் டாக்ஸில் எழுதி, அங்கேயே திருத்தி முடித்து, பிறகு சைட்ஸுக்கு மாற்றுகிற குழுவே இதில் நன்றாகச் செய்கிறது.

வேர்ட்பிரஸ், பொறுப்புகளைப் பிரித்துக் கொடுப்பதில் பெயர் பெற்றது. நிர்வாகி, எடிட்டர், ஆதர், கான்ட்ரிபியூட்டர் என்று படிநிலைகள் இருப்பதால், மாணவர் எழுத ஆசிரியர் பார்த்து வெளியிடலாம் என்று தோன்றும். செய்து பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. கான்ட்ரிபியூட்டரால் படம் ஏற்ற முடியாது. கூழைக்கடாவைப் பற்றி எழுதியவர் அதன் படத்தை இன்னொருவரிடம் கொடுத்து ஏற்றச் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய இடைஞ்சல், கீழிருந்து ஆதர் வரையிலான நிலைகளில் உள்ளவர்கள் நாள்வாரிப் பதிவுகளை எழுதலாமே ஒழிய நிலையான பக்கங்களைத் தொட முடியாது என்பது. கல்வித் தளம் என்பதோ பெரும்பாலும் நிலையான பக்கங்களால் ஆனது. முடிவில் மூவருக்கும் எடிட்டர் உரிமை கொடுத்துவிடுவார்கள். எந்தப் படிநிலைக்காக வேர்ட்பிரஸைத் தேர்ந்தார்களோ அது அத்துடன் பயனற்றுப் போகும். ஒருவர் திறந்து வைத்திருக்கும் பக்கத்தை இன்னொருவர் திறந்தால் எச்சரிக்கை வரும்; அதை மீறி அவர் பக்கத்தைத் தன் வசம் எடுத்துக்கொள்ளவும் முடியும். இலவசத் திட்டத்தில் விளம்பரங்கள் தலைகாட்டுவதை நடுவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். திருத்தங்களைப் பழையது ஒரு பக்கமும் புதியது ஒரு பக்கமுமாக வைத்துக் காட்டும் வசதி மட்டும் உண்மையிலேயே மெச்சத் தக்கது.

கிட்ஹப் பேஜஸ் தொடக்கத்தில் மிரட்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் உருவாக்கத்துக்காக எழுதிய, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்னும் கருவியின் மேல் நிற்பது அது. பள்ளிக் குழுவுக்காகப் பிறந்ததல்ல. ஆனாலும் யார் எதைச் செய்தார் என்ற கேள்விக்கு அதற்கு இணையான விடை வேறெதிலும் இல்லை: ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார், எந்த நாளில், என்ன காரணம் சொல்லி மாற்றினார் என்பதெல்லாம் பதிவாகிறது. காரணத்தை ஒழுங்காக எழுதினால்தான் அந்தப் பதிவுக்குப் பயன். ‘நத்தை குத்தி நாரை பக்கத்தில் படத்துக்கு உரிமம் சேர்த்தேன்’ என்று எழுதுவது ஒரு ரகம். ‘மாற்றம்’, ‘கடைசி மாற்றம்’, ‘உண்மையிலேயே கடைசி மாற்றம்’ என்று எழுதிக்கொண்டே போவது இன்னொரு ரகம், மாணவரிடம் இரண்டாவதுதான் இயல்பாக வரும்.

இதில் தலைவலி என்பது இருவர் ஒரே கோப்பின் ஒரே இடத்தைத் தனித்தனியே மாற்றும்போது வரும் மெர்ஜ் கான்ஃபிளிக்ட். இரு வடிவங்களையும் கோப்புக்குள்ளேயே வைத்து, இடையிடையே ஏழேழு குறிகள் கொண்ட கோடுகளைக் கிட் போட்டுவிடும். அவற்றை நீக்காமல் ஏற்றினால் தளத்திலேயே அவை பல்லிளிக்கும். ஆளுக்கொரு பக்கம் என்று கோப்புகளைப் பிரித்துக்கொண்டால் இது பெரும்பாலும் வராது. எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான, நிறம் எழுத்தளவு போன்ற தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்பில்தான் வரும் என்பதால், அந்த ஒரு கோப்பை ஒருவர் பொறுப்பில் மட்டும் விட்டுவிட வேண்டும்.

பள்ளிக் கணினி அறையில் நடக்கும் ஒரு வழக்கம் மூன்று கருவிகளின் வரலாற்றுப் பதிவையும் பொய்யாக்கிவிடுகிறது. ஒரே கணினியில் ஒருவருடைய லாகினைத் திறந்து வைத்து மூவரும் மாறி மாறித் தட்டச்சு செய்தால், அத்தனை உழைப்பும் அந்த ஒருவர் பெயரில்தான் ஏறும். அவரவர் கணக்கில் நுழைந்து வேலை செய்வதை முதல் நாளிலிருந்தே பழக்கப்படுத்த வேண்டும். கணக்குத் தொடங்க கிட்ஹப் 13 வயதாவது கேட்கிறது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். எட்டாம் ஒன்பதாம் வகுப்புக் குழுவுக்கு, அதிலும் ஓரிரு வாரமே கையில் இருந்தால், நான் தயங்காமல் கூகுள் சைட்ஸையே சொல்வேன். தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் ஜாவாஸ்கிரிப்டும் இருப்பதால், அதைப் படிக்கிற மாணவர்கள் ஒரு மாதம் கிடைத்தாலும் கிட்ஹப் பக்கம் போவதே முறை. பள்ளிக்கு ஏற்கெனவே வேர்ட்பிரஸ் தளம் இருந்து, அதைப் பராமரிக்கும் ஆசிரியரும் உடனிருந்தால் தவிர, வேர்ட்பிரஸைத் தேர்வதற்கு வலுவான காரணம் எனக்குத் தென்படவில்லை.

தமிழில் தளம் அமைப்போருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டுப் பெரியவரோ தட்டச்சு நிலையத்தாரோ பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்த உரையை ஒட்டினால், எந்தக் கருவியானாலும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பைதான் திரையில் வரும். அதை முதலில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். கையால் எழுதும் எச்டிஎம்எல்லில், உலாவி அந்த எழுத்துகளைச் சரியாகப் படிக்க, யூடிஎஃப்-8 என்ற குறியாக்க அறிவிப்பையும் தலைப்பகுதியில் சேர்த்துவிட வேண்டும்.

போட்டி முடிந்த பிறகு தளம் என்னவாகும் என்பதையும் தேர்வின்போதே பார்ப்பது நல்லது. 1996-இல் தொடங்கி, பின்னர் ஆரக்கிள் கல்வி அறக்கட்டளையின் கைக்கு வந்த திங்க்குவெஸ்ட் போட்டியில் பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய ஆயிரக்கணக்கான தளங்கள், 2013-இல் அது மூடப்பட்டபோது தம் முகவரியை இழந்தன. கூகுள் சைட்ஸில் கட்டியதை அப்படியே எடுத்து வேறு வழங்கியில் ஓட விட வழியில்லை. பள்ளிக் கணக்கில் அமைத்திருந்தால் அந்தக் கணக்கு நீக்கப்படும்போது தளமும் ஆபத்துக்குள்ளாகும். வேர்ட்பிரஸ் உள்ளடக்கத்தை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து தரும், அதை விரித்துக் காட்ட மறுபடி ஒரு வேர்ட்பிரஸ் தேவை. எச்டிஎம்எல் ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டு எடுத்துப் போனால் போதும். இறுதிச் சுற்று நடக்கும் அரங்கில் இணையம் கிடைக்காத நாளிலும், இணையத்திலிருந்து இழுக்கும் வரைபடத்தையும் காணொளியையும் தவிர மற்றவற்றையெல்லாம் நடுவர் முன் திறந்து காட்டிவிடலாம்.