‘கடுமையான’ என்பதற்கு மாற்றாக நான் நெடுநாள் புழங்கிய சொற்கள்

பிரதிகளைச் செம்மைப்படுத்தும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் நான் மிக அதிகமாகத் திருத்தும் பெயரடை ‘கடுமையான’. வெயிலுக்கும் அதுதான், போட்டிக்கும் அதுதான், குரலுக்கும் துணிக்கும் மாமனாரின் சுபாவத்துக்கும் அதுதான். இலக்கணப்படி பிழை இல்லை. ஆனால் எல்லா இடத்திலும் இந்த ஒன்றையே நிறுத்தினால், தோலில் உரசுவதா, காதில் விழுவதா, மனத்தில் தைப்பதா என்று வாசகருக்குத் தெரியாமல் போகிறது. அதைப் பிரித்துச் சொல்லத் தமிழில் நல்ல சொற்கள் இருக்கின்றன. அவற்றில் எது எங்கே உழைக்கிறது, எது எங்கே சறுக்குகிறது என்று பழகிப் பார்த்ததை எழுதுகிறேன்.

எனக்கு மிகப் பிடித்தது ‘முரட்டு’. ‘காடு’ என்பது ‘காட்டுவழி’ ஆவதுபோல ‘முரடு’ என்பதும் அடுத்த சொல்லோடு சேரும்போது டகரம் இரட்டித்து ‘முரட்டு’ ஆகிறது. பின்னால் வல்லினமும் மிகுகிறது. முரட்டுத் துணி, முரட்டுக் கை, முரட்டுப் பிடிவாதம். அந்த ஒற்றை விட்டுவிட்டு எழுதினால் சொல்லின் முறுக்கே போய்விடுகிறது. இச்சொல்லில் வலிமை உண்டு, வெறுப்பு இல்லை. அதனால்தான் ‘முரட்டு அன்பு’ என்று எழுத முடிகிறது. ‘முரட்டுத்தனமான’ என்று நீட்டியவுடன் அந்தக் கனிவு மறைந்து குற்றச்சாட்டு வந்துவிடுகிறது. இரண்டையும் ஒன்றென எண்ணி இடம் மாற்றிப் போடுவதை நான் அனுமதிப்பதில்லை.

‘கரடுமுரடான’ மேற்பரப்பைச் சேர்ந்தது. பாதை, பாறை, உரைநடை ஆகியவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். உரைநடைக்கு எப்படி என்றால், படிப்பதும் ஒரு நடைதானே, கால் இடறுகிறது. விரல் நுனி அளவுக்குச் சிறிய கரடுக்குச் ‘சொரசொரப்பான’. அதே தன்மை குரலில் இருந்தால் ‘கரகரப்பான’. இவை மூன்றும் ஒலியாலேயே பொருளை உணர்த்துபவை. விளக்கம் தேவைப்படாது, ஒருபோதும் ஏமாற்றியதும் இல்லை.

‘கர்ணகடூரமான’ என்பதைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். கர்ணம் என்றாலே காதுதான். ‘காதுக்குக் கர்ணகடூரமான’ என்று எழுதுவது கூறியது கூறல். சத்தத்தைத் தவிர வேறு எதற்கும் இதைப் பொருத்தக் கூடாது. ‘கர்ணகடூரமான நிறம்’ என்று ஒரு கையெழுத்துப் பிரதியில் வந்தபோது ‘கண்ணைக் குத்தும் நிறம்’ என்று மாற்றினேன். எழுதியவருக்கும் அது பிடித்திருந்தது.

‘விமர்சனம்’ என்ற ஒரே பெயருக்கு முன்னால் இந்தக் குடும்பத்தை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் குணம் வெளிப்படும். கடுமையான விமர்சனம் வலிக்கும். காட்டமான விமர்சனத்தில் கோபத்தின் நெடி இருக்கும். கறாரான விமர்சனத்தில் கோபமே இல்லை, கணக்கு வழக்கில் விட்டுக்கொடுக்காத நேர்மை இருக்கிறது, அது பாராட்டு. முரட்டுத்தனமான விமர்சனத்தில் நியாயம் இருக்கலாம், பக்குவம் இருக்காது. குத்தலான விமர்சனம் பேசப்படும் நூலை விட்டு அதை எழுதிய ஆளைத் தேடிப் போகும். அகராதி இவற்றையெல்லாம் ஒன்றுக்கொன்று ஈடாகத் தரலாம். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் சொல்லப்படும் செய்தியே மாறிவிடுகிறது.

இந்தப் பிரிவினை புதிதும் அல்ல. திருக்குறளில் 99ஆம் குறள் இன்சொல்லுக்கு எதிராக நிறுத்துவது ‘வன்சொல்’. 566ஆம் குறளில் ஆட்சி செய்பவனைப் பற்றிப் பேசும்போது வருவது ‘கடுஞ்சொல்’. முன்னதில் இனிமையின் மறுபுறம் தெரிகிறது. பின்னதில் அதிகாரத்தின் கனம் தெரிகிறது. இன்றும் ‘வன்’ மென்மைக்கு எதிராக நிற்கும் இடங்களில்தான் எனக்குக் கச்சிதமாக அமைகிறது. ‘கடும்’ மிகுதியைக் காட்டவும் வந்துவிடுகிறது: கடும் நெரிசல், கடும் போட்டி. ஒலியில் இதற்கு அருகில் நிற்கும் ‘கடி’ என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் தரும் பத்துப் பொருள்களிலும் கூர்மை, மிகுதி, அச்சம் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன.

நயமின்மையைச் சொல்வதுதான் கடினம். கை பழகாத வேலை, சபைக்கு ஒட்டாத பேச்சு, தடுமாறும் அசைவு ஆகிய மூன்றையும் ஒரே பெயரடையால் சுட்டத் தமிழில் எனக்கு இதுவரை ஒன்று அகப்படவில்லை. ஆனால் அதைக் குறையாக நினைப்பதை விட்டுவிட்டேன். எது இல்லை என்று கேட்டால் சொல் தானே வந்து நிற்கிறது. கையில் லாவகமில்லை, அசைவில் நளினமில்லை, பேச்சில் இங்கிதமில்லை, மரவேலையில் செப்பமில்லை. ‘லாவகமற்ற’, ‘இங்கிதமற்ற’ என்று எழுதும்போது குறை எங்கே என்று துல்லியமாகத் தெரிகிறது. ‘மோசமான’ என்று ஒரேயடியாக ஒதுக்குவதைவிட இது எழுதப்படுபவருக்கும் நியாயமானது.

துணைக்கு வைத்திருக்கும் நூல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய சொற்பொருள் நூலான திவாகர நிகண்டில் பண்பு பற்றிய பெயர்களுக்கும் ஒலி பற்றிய பெயர்களுக்கும் தனித்தனித் தொகுதிகள் உண்டு; பொருளிலிருந்து சொல்லுக்குப் போகும் அந்த வழி எனக்கு இன்றும் உதவுகிறது. ஆனால் அதில் வரும் சொற்களில் பல இன்றைய உரைநடையில் நிற்காது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், பழைய பொருளைச் சரிபார்க்க இன்றியமையாதது. அன்றாட வேலைக்கு நான் எடுப்பது 1992இல் முதற்பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைத்தான். காரணம், அதிலுள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்கள். ஒரு பெயரடை எந்தப் பெயரோடு கைகோக்கும் என்பதைப் பொருள் விளக்கத்தைவிட ஒரு வாக்கியம் நன்றாகக் காட்டிவிடுகிறது. இணையத்தில் கிடைக்கும் வெறும் ஒத்தசொல் பட்டியல்களில் இல்லாதது அதுதான். அங்கே கிடைக்கும் சொல்லை நான் ஒரு வாக்கியத்தில் வைத்து வாய்விட்டுப் படித்த பிறகே பிரதியில் சேர்க்கிறேன்.