பத்து நிமிடம் நிற்க வைத்துப் பார்த்த டாக்டர்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் சவுதியில் வேலை பார்க்கிறார். மகளுக்கு இப்போது 14 வயது. எழுந்து நின்றாலே படபடப்பும் மயக்கமும் வரும் அவளை, ஒன்பது மாதமாகத் திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பியல் கிளினிக்குக்குக் கூட்டிப் போய் வருகிறேன். அந்தக் கிளினிக்கைப் பற்றியும், அங்கே வாங்கச் சொன்ன, காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறையைப் பற்றியும்தான் இதை எழுதுகிறேன். கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. அங்கே என்ன பரிசோதனை செய்தார்கள் என்பதுதான் முக்கியம். அதை உங்கள் ஊர் டாக்டரிடமும் கேட்கலாம்.

போன வருடம் ஒரு வைரல் காய்ச்சல் வந்து போனது. அதற்கு மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் எழுந்து நின்றவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். காலையில் சாப்பிடாமல் வந்ததால் என்று நினைத்தோம். அப்புறம் பள்ளிக்கூட அசெம்பிளியில் இரண்டு தடவை, பாத்ரூமில் ஒரு தடவை. விழாத நாளிலும் நெஞ்சு படபடப்பு, தலைக்கிறக்கம், கண் மங்கல். "அம்மா, படுத்தா சரியாயிடும்" என்பாள். படுத்தால் சரியாகவும் ஆகிவிடும்.

முதலில் போன இடத்தில் இரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் வலிப்பாக இருக்கலாம் என்று மூளையின் மின் அலைகளைப் பார்க்கும் ஈஈஜி எடுத்து மாத்திரை ஆரம்பித்தார்கள். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாகவே இருந்தது. மூன்றாவது இடத்தில் அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்கள்: "பள்ளிக்கூடம் போக மடிக்கிறாளா? அப்பா ஊரில் இல்லாத ஏக்கமா?" அன்று பஸ்ஸில் வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவு பக்கம் நின்று கேட்டிருக்கிறாள். சொந்தக்காரர்கள் ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், மந்திரித்த கயிறும் வந்தது. யாரையும் குறை சொல்லவில்லை, எல்லாரும் பிள்ளைமேல் உள்ள அக்கறையில் செய்ததுதான்.

இத்தனை இடத்திலும் அவளைப் படுக்க வைத்துத்தான் பிரஷர் பார்த்தார்கள். நிற்கும்போதுதான் எனக்கு இப்படி வருகிறது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நிற்க வைத்து யாரும் பார்க்கவில்லை.

என்னிடம் துணி தைக்க வரும் நர்ஸ் ஒருவர்தான் இந்தக் கிளினிக்கைச் சொன்னார். அதிகாலையில் மார்த்தாண்டம் போய், களியக்காவிளையில் கேரளா பஸ் மாறி, திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கினோம். அந்த டாக்டர் ஃபைலைத் திறக்கவே இல்லை. "மோளே, பேடிக்கண்டா" (மகளே, பயப்படாதே) என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, எப்போது வருகிறது, எழுந்து எத்தனை நிமிடத்தில் வருகிறது, சூட்டுத் தண்ணீரில் குளித்தால் கூடுகிறதா, மாதவிலக்கு நாட்களில் கூடுகிறதா என்று என்னை விட்டுவிட்டு அவளிடமே கேட்டார்.

பிறகு பத்து நிமிடம் அசையாமல் படுக்க வைத்தார்கள். நாடித்துடிப்பு 76, பிரஷர் 104/66. அப்புறம் எழுந்து, குதிகாலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, முதுகை மட்டும் சாய்த்து நிற்கச் சொன்னார்கள். பேசவும் காலை ஆட்டவும் கூடாது. ஒவ்வொரு நிமிடமும் நர்ஸ் எழுதினார். இரண்டாவது நிமிடம் 109. ஐந்தாவது நிமிடம் 121. பத்தாவது நிமிடம் 129. பிரஷரோ 106/72, கொஞ்சமும் விழவில்லை. டாக்டர் குனிந்து அவள் பாதத்தைக் காட்டினார். நாவற்பழம் மிதித்ததுபோல ஊதா நிறமாகியிருந்தது. ஒரு வருடமாக அந்தக் காலுக்குக் கொலுசு மாட்டி விடுகிறேன், ஆனால் அவள் நிற்கும்போது அதை நான் கவனித்ததே இல்லை.

நோயின் பெயர் போஸ்ச்சுரல் ஆர்த்தோஸ்டேட்டிக் டாக்கிகார்டியா சின்ட்ரோம், சுருக்கமாக பாட்ஸ். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நாம் எழுந்து நின்றால் இரத்தம் கீழே இறங்கும். நாம் நினைக்காமலே வேலை செய்யும் தன்னியக்க நரம்புகள் உடனே கால், வயிற்று இரத்தக் குழாய்களைச் சுருக்கி மேலே தள்ளும். இவளுக்கு அந்தச் சுருக்கம் போதவில்லை. அதை ஈடுகட்ட இதயம் ஓடுகிறது. பெரியவர்களுக்கு நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு 30 கூடினாலும், 12 முதல் 19 வயது வரை 40 கூடினாலும், பிரஷர் விழாமல் இந்தத் தொந்தரவுகள் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் இதைச் சந்தேகிப்பார்கள். பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். வளரும் வயதிலும், காய்ச்சலுக்குப் பிறகும் தொடங்குவது உண்டு. "நிஜமாவே இருக்கா மேடம்?" என்று மகள் கேட்டாள். "53 கூடியிருக்கு. இதை யாரும் நடிக்க முடியாது" என்றார் டாக்டர். அவள் அழுதாள், நானும் அழுதேன். வலிப்பு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்.

வைத்தியத்தில் முதலில் வந்தது தண்ணீரும் உப்பும். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர். அதில் அரை லிட்டரைக் காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் குடிக்க வேண்டும். உப்பு எவ்வளவு கூட்டலாம் என்று டாக்டர்தான் அளந்து சொன்னார். பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது என்பதால், கேட்காமல் யாரும் செய்ய வேண்டாம். கஞ்சித்தண்ணி, உப்பு மாங்காய், நெத்திலிக் கருவாடு என்று நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே பாதி வழி கிடைத்துவிட்டது. மாமியார்தான், பிள்ளைக்கு இத்தனை உப்பா என்று ஒரு வாரம் சண்டை போட்டார். ஓஆர்எஸ் என்னும் உப்பு, குளுக்கோஸ் கரைசல் வாங்கினால் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கும் பொடிப் பாக்கெட்டாக, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுதானா என்று பார்த்து வாங்குங்கள். லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் என்று உறையில் இருக்கும். மருந்துக் கடையில் ஓஆர்எஸ் என்று கேட்டதற்கு எனக்குக் கொடுத்த இனிப்பு ஜூஸ் டப்பாவால் பயன் இல்லை.

மாத்திரையும் உண்டு. இதயத் துடிப்பைக் குறைக்கப் பலருக்கும் கொடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையை இவளுக்குக் கொடுக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, அதை அந்த மாத்திரை கூட்டிவிடலாம். அதற்குப் பதில், அதேபோல் துடிப்பைக் குறைக்கும் ஐவாபிரடின்.

இனி காலுறை. இதில் என் தொழில் உதவியது. முதலில் ஒரு கடையில் உயரத்தையும் எடையையும் மட்டும் கேட்டு 'எம்' சைஸ் கொடுத்தார்கள். 2,800 ரூபாய். தொடையில் நழுவியது, கணுக்காலில் தோல் வெட்டியது. அளவெடுக்காமல் ஜாக்கெட் தைத்தால் எப்படி இருக்கும்? மறுநாள் காலை அவள் எழுந்து நிற்குமுன் டேப்பை எடுத்தேன். கணுக்காலின் மெலிந்த இடம், கெண்டைக்காலின் தடித்த இடம், தொடை, இடுப்பு, குதிகாலிலிருந்து உயரம். காலையிலேயே எடுக்க வேண்டும், நேரம் போனால் கால் வீங்கி அளவு மாறும். டாக்டர் சொன்னது இடுப்பு வரை வருவது, ஏனென்றால் இரத்தம் வயிற்றிலும் தேங்குகிறது. அழுத்தம் 20–30 மில்லிமீட்டர் பாதரசம். அளவைக் கொடுத்து வரவழைத்த இரண்டாவது ஜோடி கச்சிதமாக உட்கார்ந்தது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இழுத்தால் சுலபமாக ஏறும். கையால் துவைத்து, பிழியாமல், நிழலில் காயப்போடுகிறேன். பங்குனி வெயிலில் புழுக்கம் தாங்காது என்பது உண்மை. பள்ளி விட்டு வந்ததும் கழற்றி எறிகிறாள். ஆனாலும் அதைப் போட்ட நாளில்தான் ஆறு பீரியடும் உட்கார்ந்திருக்கிறாள்.

உடற்பயிற்சி மொட்டைமாடியில் பாய் விரித்து, படுத்தபடியேதான். காலை மடக்கி நீட்டுவது, தூக்குவது. முதல் வாரம் ஐந்து நிமிடத்திலேயே சோர்ந்தாள். இப்போது இருபத்தைந்து நிமிடம் செய்கிறாள். பள்ளிக்கு டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார்: அசெம்பிளியில் உட்காரலாம், வகுப்பில் தண்ணீர் குடிக்கலாம், கேட்டதும் பாத்ரூம் போகலாம். மாத்திரையைவிட அந்த ஒரு தாள் அவளுக்கு அதிகத் தெம்பு கொடுத்தது என்பேன்.

கிளினிக்குக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைப்பது காத்திருப்புக்காக. பதினோரு மணி டோக்கனுக்கு இரண்டு மணிக்குத்தான் கூப்பிடுகிறார்கள். நிற்க முடியாத பிள்ளைகள் வரும் இடத்தில் சாய்ந்து படுக்க ஒரு கட்டில் கிடையாது, எல்லாம் இரும்பு நாற்காலி. இதை டாக்டரிடமே சொன்னேன், குறித்துக்கொண்டார்.

முழுதாகக் குணமாகிவிடவில்லை. காய்ச்சல் வந்தால் இரண்டு வாரம் பின்னுக்குப் போகிறாள். மாதம் ஒருமுறை வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்று அவளே துடிப்பைப் பார்த்து நோட்டில் எழுதுகிறாள். கடைசியாக எழுதியது: படுத்து 74, பத்தாவது நிமிடம் 110. அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி போக வேண்டும். இந்தத் தடவை ஒரு பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறோம்.