போக்கர் கற்றுத்தருகிறோம் என்று அழைப்பு வந்தால் போகாதீர்கள்

"போக்கர் அடிப்படை, இரண்டே வாரத்தில்" என்று டெலிகிராமில் ஒரு சீட்டாட்ட வகுப்பு ஓடுகிறது. 4,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்: கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து, இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் நம் கை. ஸ்ட்ரெய்ட்டை (வரிசையாக ஐந்து) ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்) ஜெயிக்கும், ஃப்ளஷ்ஷை ஃபுல் ஹவுஸ் (ஒரே மாதிரி மூன்று, இன்னொரு ஜோடி) ஜெயிக்கும். கடைசியாக முடிவெடுப்பவருக்கு எப்போதும் சாதகம். வீட்டில் ஒரு சீட்டுக்கட்டு இருந்தால் ஒரே சாயங்காலத்தில், காசில்லாமல் பழகிவிடலாம்.

வகுப்பு வெறும் தூண்டில். முடிந்த கையோடு "பயிற்சி டேபிள்" என்று ஒரு பிரைவேட் கிளப் ஆப்பில் சேர்த்துவிடுகிறார்கள். பந்தயம் வைக்கும் சிப்ஸ் வேண்டுமென்றால் யாரோ ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்குப் பணம் அனுப்ப வேண்டும்.

அங்கே நடந்த ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். என் கையில் இரண்டு ராணி. நடுவில் 9, 6, 2, மூன்றும் வேறு வேறு இனம். எனக்கு முன்னால் இருந்தவர் பந்தயம் வைத்தார், நானும் அதே தொகையைப் போட்டு கால் செய்தேன். பின்னால் இருந்தவர் தொகையை ஏற்றி ரெய்ஸ், முன்னவர் அதற்கு மேல் பெரிய ரெய்ஸ். இரண்டு பேர் இப்படி மோதினால் பலரும் ஃபோல்டு, அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிடுவார்கள், நானும் விலகினேன். அடுத்த சீட்டு விழுந்ததும் முன்னவர் அற்பத் தொகை வைக்க, பின்னவர் உடனே ஃபோல்டு. ஒருவர் சீட்டும் வெளியே தெரியவில்லை. நடுவில் மூன்றாவது ஆள் மாட்டினால் மட்டும் இந்த இருவரும் மாறி மாறி ஏற்றுவார்கள். தனியாக மோதும்போது பந்தயமே வைக்காமல் செக், செக் என்று சும்மா தள்ளிவிடுவார்கள். இருவரும் கூட்டு சேர்ந்து போனில் சீட்டைச் சொல்லிக்கொண்டு ஆடினால் யார் பார்க்கப் போகிறார்கள்?

மீதிச் சிப்ஸைப் பணமாகக் கேட்டதற்கு, "முதலில் 30 சதவீத வரியை அனுப்புங்கள், அப்புறம் ரிலீஸ் பண்ணுவோம்" என்றார்கள். அப்பட்டமான பொய். 2023 ஏப்ரலில் வந்த விதிப்படி, ஜெயித்த நிகரத் தொகையிலிருந்து தளமே பிடித்துக் கட்டவேண்டிய வரி அது. நஷ்டத்தில் இருப்பவனுக்கு ஏது வரி? அதோடு, 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்திய சட்டம், திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் எதையும் நடத்தக் கூடாது என்கிறது. பெரிய தளங்களே பண ஆட்டத்தை நிறுத்திவிட்ட பிறகு இப்படி ரகசியமாக நடத்துகிறவர்கள் யாரென்று யோசியுங்கள்.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கேட்பார்கள். சண்டை போடுவதற்கு முன் சாட் முழுவதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். டெலிகிராமில் அவர்கள் நினைத்தால் நம் பக்கத்திலும் சேர்த்து அழித்துவிட முடியும்.