மூலத்தைத் தேடுவதா, அடுத்ததற்குத் தயாராவதா?

கோவிட் எங்கிருந்து வந்தது என்ற விசாரணைக்கு உலக நாடுகள் பணமும் செல்வாக்கும் செலவிட வேண்டுமா, அதை விட்டுவிட்டு அடுத்த கொள்ளைநோய்க்குத் தயாராக வேண்டுமா என்ற விவாதத்தில் நான் வெகுகாலம் இரண்டாவது தரப்பில்தான் இருந்தேன். தடுப்பூசி, கண்காணிப்பு, பிராணவாயு ஆகியவற்றின் பயனை விளக்கத் தேவையில்லை. என் மனத்தை மாற்றியது மலேசியாவில் பரவிய நிபா வைரஸ்.

1998இன் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தபோது, அது கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அதாவது நன்றாகவே தயாரானார்கள், வேறொரு நோய்க்கு. 1999 மார்ச்சில் மலேசிய ஆய்வாளர் சுவா கா பிங், பின்னர் நிபா எனப் பெயர்பெற்ற புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டுத் தொற்று அடங்கியது. அதற்குள் 105 பேர் இறந்திருந்தனர். தேடலை அத்துடன் நிறுத்தியிருக்கலாம். பன்றிக்கு எப்படி வந்தது என்று மேலும் தேடியதால்தான், கொட்டில் ஓரத்து மாமரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்கள் வரை தடம் சென்றது. பழமரத்தைப் பன்றிக் கொட்டிலிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்ற, பெரிய செலவில்லாத விதியும் கிடைத்தது.

ஆனால் இத்தகைய தேடலின் பயன் முழுவதும் வேகத்தைப் பொறுத்தது. தொடக்க கோவிட் நோயாளிகள் பலர் தொடர்புகொண்டிருந்த வூஹானின் ஹுவானன் சந்தை 2020 ஜனவரி 1 அன்று மூடப்பட்டுக் கிருமிநீக்கம் செய்யப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் கூட்டிய பன்னாட்டுக் குழு அந்நகருக்குப் போய்ச் சேர்ந்தது 2021 ஜனவரியில். அந்தச் சந்தையில், கோவிட் வைரஸ் தொற்றக்கூடிய விலங்குகளான ரக்கூன் நாய்களின் மரபணுத் தடயம் இருந்த செய்தி வெளியுலகுக்கு எட்ட 2023 ஆயிற்று. 2025 ஜூனில் அந்நிறுவனத்தின் நிபுணர் குழு, கிடைத்த சான்றுகள் விலங்குவழித் தொற்றின் பக்கமே சாய்கின்றன என்றது; கேட்ட தரவுகளைச் சீனா தராததால் வைரஸ் ஆய்வகத்திலிருந்து கசிந்திருக்கும் வாய்ப்பை விலக்கவும் அக்குழுவால் இயலவில்லை. ஆய்வகங்களுக்குள் பணியாற்றிய அனுபவம் எனக்கில்லை என்பதால் அந்தப் பகுதியில் நானும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சந்தைக்கான மருந்து வேறு, ஆய்வகத்துக்கான மருந்து வேறு என்பது மட்டும் உறுதி.

தாமதமான விசாரணை முற்றிலும் வீண் என்றும் சொல்வதற்கில்லை. 1979இல் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய பாக்டீரியா நோய் பரவியதற்குக் கெட்ட இறைச்சியே காரணம் என்றது சோவியத் அரசு. 1992இல் அங்கு சென்ற அமெரிக்க உயிரியலாளர் மேத்யூ மெசல்சனின் குழு, பாதிக்கப்பட்டவர்கள் பகலில் இருந்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது, அவை ராணுவ வளாகத்திலிருந்து காற்று வீசிய திசையில் ஒரு குறுகிய பட்டையாக விழுந்தன. அந்தக் கதவு திறக்க ஒரு நாடே கலைய வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் பகை பற்றியது. 2020 ஏப்ரலில் சுயேச்சையான விசாரணை கோரிய ஆஸ்திரேலியாவின் பார்லிக்கு, மறுமாதமே சீனா 80 விழுக்காட்டுக்கு மேல் வரி விதித்தது. இந்த அச்சம் நியாயமானதே. அதனால்தான் நோய் வந்தபின் ஒரு நாட்டைச் சுட்டி விசாரணை கேட்பதைவிட, எந்த நாடானாலும் முதல் சில வாரங்களுக்குள் பன்னாட்டுக் குழுவை உள்ளே விட வேண்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதை விரும்புகிறேன். எத்தனை அரசுகள் அதற்கு இசையும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 2025 மே மாதம் ஏற்கப்பட்ட பெருந்தொற்று உடன்படிக்கையிலும் அப்படி நுழையும் உரிமை யாருக்கும் தரப்படவில்லை.